எரிபொருளின் கதை – 17: ஏழுமலை ஏறிய மின்சாரம்

1942 ஏப்ரலில், பர்மாவின் ஏனாஞ்சாங் எண்ணெய் வயல்களை பிரிட்டிஷ் படையினர் தங்கள் கையாலேயே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ஜப்பானியர் கைக்கு ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது என்பது உத்தரவு. இந்தியாவில் எரிந்த எண்ணெயில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்கு 1941-லேயே ரேஷன் வந்துவிட்டது. இப்போது அந்த ரேஷனுக்கே முட்டுப்பாடு. ராணுவ லாரிகளுக்குப் போக மிஞ்சியதுதான் ஊர் பஸ்களுக்கு.

சித்தூர் அப்போது மதராஸ் மாகாணத்து ஜில்லா. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து 1911-ல் உருவானது. சித்தூர், புத்தூர், நகரி, திருத்தணி என்று தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய ஊர்கள். ரயில் போகாத இடங்களுக்கெல்லாம் பஸ்தான் கதி. மாகாணம் முழுவதும் அப்படிப்பட்ட பஸ்களுக்கு அந்த ஆண்டுகளில் வந்து சேர்ந்த மாற்று எரிபொருள், கரி.

கரி பஸ்ஸைப் பார்த்த தலைமுறை இப்போது அருகிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பிணைத்திருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்திலிருக்கும் விசிறியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றவேண்டும். கரி முழுதாக எரிந்துபோக விடாமல் காற்றை அளந்து விட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும். அதை வடிகட்டி, ஆறவைத்து, என்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் ஆவி செய்யும் வேலையை அது செய்யும், ஆனால் அரைகுறையாகத்தான். என்ஜினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். விடியற்காலை பஸ் புறப்பட வேண்டுமென்றால் கிளீனர் பையன் அதற்கு வெகு முன்பே எழுந்து சாம்பலைத் தட்டி, வடிகட்டியைத் துடைத்து, கை சலிக்கச் சுற்றவேண்டும். பயணிகளின் வேட்டியெல்லாம் கரி. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதும் அவர்கள்தான். மூடிய கொட்டகைக்குள் அந்த வாயு தேங்கினால் ஆளையே கொன்றுவிடும் என்பதும் தெரிந்த விஷயம்.

மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரிவாயுக் கலனைத் தானே வடிவமைத்துத் தயாரித்தது. உலகப்போர்க் காலத்தில் தென்னிந்தியச் சாலைகள் முழுக்க அடங்கிப்போகாமல் இருந்ததற்கு அந்தக் கலன் ஒரு முக்கியக் காரணம். பெட்ரோலுக்கு மாற்று என்பது மேலைநாட்டார் நேற்று சொல்லிக்கொடுத்த பாடமென்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து, ஓட்டியும் காட்டின.

இந்தப் பஞ்சத்தின் நடுவில்தான் திருமலைக்கு மோட்டார் பாதை திறந்தது. 1944 ஏப்ரல் 10. திறந்துவைத்தவர் மதராஸ் கவர்னர் சர் ஆர்தர் ஹோப். பாதைக்கான திட்டத்தில் பொறியாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் கை இருந்தது. அதுவரை மேலே போக வேண்டுமென்றால் அடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேற வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். பெட்ரோல் கிடைக்காத காலத்தில், 19 கிலோமீட்டர் நீளத்தில், 36 கொண்டை ஊசி வளைவுகளோடு மலையைக் குடைந்து ஒரு பாதை. போர் முடியும், எண்ணெய் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில்லாமல் இதைச் செய்திருக்க முடியாது.

எண்ணெய் வந்தது. வந்தவுடன் கரிக் கலன்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. யாரும் வருத்தப்படவில்லை, வருத்தப்படும்படியான வண்டியுமல்ல அது. ஆனால் அதே வேகத்தில் நல்லதொன்றும் போனது. 1895 முதல் சென்னையில் ஓடிய மின்சார டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்து, சித்தூர் ஜில்லா மதராஸை விட்டுப் பிரிந்தது. (திருத்தணி 1960-ல் நம் பக்கம் திரும்பியது தனிக் கதை.) ஐம்பதுகளின் நடுவில் எண்ணூரில் அசோக் லேலண்டும் ஜாம்ஷெட்பூரில் டாட்டா-மெர்சிடிஸ்-பென்ஸும் டீசல் வண்டிகளை இறக்கத் தொடங்கின. மலைக்கு ஏற்றது டீசல் என்று ஆனது. பெட்ரோல் என்ஜினைவிட அது மெதுவாகச் சுழன்றாலும் இழுவை அதிகம், எரிபொருளும் மலிவு.

1974-ல் இரண்டாவது மலைப்பாதை வந்தது. ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்குப் பழையது என்று ஒருவழியாக்கினார்கள். எழுபதுகளின் நடுவில், கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானமே நடத்திவந்த பஸ்கள் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் போயின. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு அந்த மலையின் வாசனை டீசல்தான். ஏறும்போது முன்னால் போகும் பஸ்ஸின் கரும்புகை. இறங்கும்போது பிரேக் சூடேறிக் கருகும் நெடி. பழைய பாதையில் இறங்கியவர்களுக்கு அது மறக்காது. தெரிந்த டிரைவர் பிரேக்கை நம்பமாட்டார்; கீழ் கியரில் போட்டு என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறக்குவார்.

மலையில் டீசலுக்கு மாற்று முதலில் நுழைந்தது சாலையில் அல்ல, சமையலறையில். 2002-ல் திருமலையில் சூரிய ஒளியால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் அமைப்பை நிறுவினார்கள். 106 கிண்ணக் கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒளியைக் குவித்து, தண்ணீரை நீராவியாக்கும். நாளைக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு. முன்பு அந்த நீராவிக்கு பாய்லரில் டீசல் எரிந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். மேகம் மூடினால் பழைய பாய்லர் துணைக்கு இருந்தது. நாட்டில் மின்சார கார் என்பது பெரும்பாலும் பத்திரிகைச் செய்தியாக மட்டும் இருந்த நாட்கள் அவை. முந்தைய ஆண்டுதான் பெங்களூரில் ரேவா விற்பனைக்கு வந்திருந்தது, அதையும் வேடிக்கை பார்த்தவர்களே அதிகம்.

ரேவா ஓடாததற்குப் பெரிய காரணம் அதன் வயிற்றிலிருந்த ஈய-அமில பேட்டரி. கனம் அதிகம், கொள்ளளவு குறைவு. அந்த ஈய-அமில பேட்டரியின் இந்தியத் தலைநகரங்களில் ஒன்று, திருப்பதியிலிருந்து சற்று தூரத்தில் ரேணிகுண்டாவுக்குப் பக்கத்திலிருக்கும் கரகம்பாடி.

சித்தூர் மாவட்டத்தில் பேட்டமிட்டா என்றொரு கிராமம். கல்லா ராமச்சந்திர நாயுடு அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மின்பொறியியல் படித்து அமெரிக்காவில் வேலை பார்த்து, எண்பதுகளில் ஊருக்குத் திரும்பினார். மாமனார் பாட்டூரி ராஜகோபால நாயுடு விடுதலைப் போராட்டக்காரர், விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்காவின் தோழர், சித்தூரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். படித்த பிள்ளைகள் வேலைக்காக மதராஸுக்கும் பெங்களூருக்கும் ஓடும் மண்ணில் ஒரு தொழிற்சாலை வேண்டும் என்ற எண்ணத்தில் 1985-ல் அமர ராஜா நிறுவனம் தொடங்கியது. 1997-ல் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸோடு கூட்டு, 2000-ல் அமரான் பேட்டரி. பச்சை நிறப் பெட்டி இன்று நம் கார்களின் பானெட்டுக்கடியில் சர்வசாதாரணம். கார் பெட்ரோலில் ஓடினாலும் அதைக் கிளப்புவது சித்தூர் மின்சாரம். மின்சார கார் வந்த பிறகும் விளக்குக்கும் பூட்டுக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று பெரும்பாலும் தேவைப்படுகிறது என்பதால், ஈயத்தின் கதை இன்னும் முடியவில்லை.

கார்களைப் பற்றிய பெரிய அறிவிப்பு டெல்லியிலிருந்து வந்தது. 2017 ஏப்ரலில், அப்போது மின்துறை அமைச்சராக இருந்த பியூஷ் கோயல், 2030-க்குப் பிறகு நாட்டில் ஒரு பெட்ரோல் அல்லது டீசல் கார்கூட விற்கக்கூடாது என்பதே நோக்கம் என்றார். உலகம் திரும்பிப் பார்த்தது. பிரிட்டனும் பிரான்ஸும் 2040 என்று சொன்னதுகூட அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். ஆனால் அந்த இலக்கு சட்டமாகவில்லை. கார் கம்பெனிகள் முணுமுணுத்தன, மறு ஆண்டே பேச்சு தணிந்தது, முழுவதும் என்ற சொல் போய் முப்பது சதவீதம் என்ற சொல் வந்தது. தேதி மட்டும் குறித்து, வண்டி எங்கே சார்ஜ் ஆகும், கடன் யார் கொடுப்பார்கள், மெக்கானிக்குக்கு யார் கற்றுத்தருவார்கள் என்று சொல்லாத அறிவிப்பின் கதி அதுதான். நார்வே 2025 என்று தேதி வைத்துக்கொண்டு, தடைச் சட்டமே போடாமல், 2024-ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரம் என்ற நிலையை எட்டியது. அங்கே பெட்ரோல் காருக்குக் கடும் வரி, மின்சார காருக்கு வரிவிலக்கு என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்தார்கள்.

ஆந்திர அரசின் 2018-ம் ஆண்டு மின்வாகனக் கொள்கை டெல்லியைவிட ஒரு படி தெளிவானது. அது காரோடு நிற்காமல் பஸ்ஸையும் பிடித்தது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் 11,000-க்கும் மேற்பட்ட பஸ்களும் 2029-க்குள் மின்சாரமாக வேண்டும்; முதற்கட்டமாக நான்கு பெரிய நகரங்களில் 2024-க்குள். அந்த நான்கில் ஒன்று திருப்பதி. 2024 வந்து போய்விட்டது. திருப்பதி பஸ் நிலையத்தில் டீசல் பஸ்கள் இன்றும் நிற்கின்றன. ஆகவே இலக்கு எட்டவில்லைதான். ஆனால் இலக்கு வைத்த ஊர்களில் உருப்படியாக ஒன்று நடந்த இடம் எதுவென்று கேட்டால், மலையைத்தான் காட்டுவேன்.

2022 செப்டம்பர் 27. பிரம்மோற்சவத்தின் முதல் நாள். பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்க வந்த அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி அலிபிரியில் மின்சார பஸ்களுக்குக் கொடியசைத்தார். ஒலெக்ட்ரா கம்பெனியின் 9 மீட்டர் பஸ்கள், மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்ட மானியத்தில் வந்தவை. மொத்தம் நூறு. ஐம்பது மலைக்கு, மற்றவை ரேணிகுண்டா விமான நிலையம், நெல்லூர், கடப்பை, மதனப்பள்ளித் தடங்களுக்கு. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 180 கிலோமீட்டர் என்பது கணக்கு. பஸ்ஸை வாங்கும் செலவு கழகத்துக்கு இல்லை. கம்பெனியே வாங்கிப் பராமரிக்கும், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுக்கும். ஒரு மின்சார பஸ்ஸின் விலையில் பல டீசல் பஸ்கள் வாங்கலாம் என்ற நிலையில், இந்த ஏற்பாடு இல்லாமல் நூறு பஸ் வந்திருக்காது. இதே கம்பெனி 2017-ல் கோல்ட்ஸ்டோன் என்ற பெயரில் மணாலி – ரோத்தாங் பாதையில் பனிமலை ஏற்றிப் பார்த்திருந்தது.

மலைக்கும் மின்சாரத்துக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அலிபிரிக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 12 டன் எடையுள்ள பஸ் என்று வைத்துக்கொள்வோம். வேறெந்த இழப்பும் இல்லையென்றாலும், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஏறக்குறைய 23 யூனிட் மின்சாரம் பிடிக்கும். சிறு குடும்பம் ஒன்றின் சில நாள் மின்செலவு அது. டீசல் பஸ் இறங்கும்போது இந்த 23 யூனிட் ஆற்றலில் பெரும்பகுதி பிரேக் டிரம்மிலும் என்ஜினிலும் சூடாகி, காற்றோடு போகிறது. நாம் முகர்ந்த அந்தக் கருகல் நெடிக்குக் காரணம் அதுவே. மின்சார பஸ்ஸில் டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். சக்கரம் அதைச் சுழற்ற, அது வண்டியைப் பிடித்துநிறுத்தியபடியே பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளும். உரசல், காற்று, மோட்டார், பேட்டரி என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் ஒரு பகுதி திரும்ப வரும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிரம்பிய பேட்டரி மேற்கொண்டு எதையும் வாங்கிக்கொள்ளாது. மேலே சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. டெப்போ அடிவாரத்தில் அலிபிரியில் இருப்பதால், கீழே நிரப்பிக்கொண்டு கிளம்பும் பஸ் மேலே போய்ச் சேரும்போது பேட்டரியில் போதுமான காலியிடம் இருக்கும். மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையைக் கொடுப்பதால் வளைவில் நின்று கிளம்பும்போது கியர் மாற்றும் போராட்டமும் இல்லை. ஒரே தடம், ஒரே தூரம், நாள் முழுவதும் தவறாத கூட்டம், இரவில் வந்து நிற்க ஓர் இடம். மாற்று எரிபொருளுக்கு வேண்டியது இவ்வளவும் இருக்கும் சாலை. நாளொன்றுக்கு அறுபது, எழுபதாயிரம் பேர் வரும் தலத்தில் ஒரு பஸ் மாறினால் எத்தனை கார்கள் மாறியதற்குச் சமம் என்று யோசித்துப் பாருங்கள்.

கார்களும் மாறத்தான் செய்தன, ஆனால் அதிகாரிகளின் கார்கள். 2022 ஏப்ரலில் தேவஸ்தானம் 35 டாட்டா நெக்ஸான் மின்சார கார்களைக் குத்தகைக்கு எடுத்தது. படிப்படியாக மலையில் மின்சார வண்டி மட்டுமே என்பதுதான் திட்டம் என்றார் அன்றைய அறங்காவலர் குழுத் தலைவர் ஒய்.வி. சுப்பா ரெட்டி. முதலில் அதிகாரிகள், பிறகு பஸ், பிறகு டாக்சி. 2023 மார்ச்சில், மலையுச்சியில் பக்தர்களை இலவசமாக ஏற்றிச்செல்லும் ‘தர்ம ரதம்’ பணிக்கு ஒலெக்ட்ரா பத்து மின்சார பஸ்களைக் காணிக்கையாகக் கொடுத்தது. அந்தப் பத்தில் ஒன்று அதே ஆண்டு செப்டம்பரில் திருடுபோய், மலையிறங்கி, நாயுடுப்பேட்டை அருகே கண்டெடுக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம்.

பஸ்ஸுக்கு வெளியேயும் இந்த வட்டாரம் சும்மா இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானபோது, இஸ்ரோ ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுள் வந்தது. ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்குமென்று இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் மையம் உருவாக்கிய லித்தியம்-அயான் மின்கலத் தொழில்நுட்பத்தைப் பெறத் தேர்வான பத்து நிறுவனங்களில் அமர ராஜாவும் ஒன்று. திருப்பதியில் அதற்கொரு ஆய்வுக்கூடமும் அமைத்தார்கள். 2022 செப்டம்பரில் இதே திருப்பதியில் சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனத்தின் லித்தியம் மின்கலத் தொழிற்சாலை சோதனை உற்பத்தியைத் தொடங்கியது. முதலீடு 165 கோடி, நாளைக்கு 20,000 மின்கலங்கள். அவை பவர் பேங்க் போன்ற சிறிய சாதனங்களுக்கானவை. காரை ஓட்டுபவை அல்ல. ஆனாலும் கை பழக வேண்டுமே. அதே ஆண்டு டிசம்பரில் சத்தியவேடு பக்கமுள்ள ஹீரோ மோட்டோகார்ப் ஆலையிலிருந்து ‘விடா’ மின்சார ஸ்கூட்டர் வெளிவந்தது. கொஞ்ச தூரத்தில் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுஸு கம்பெனி டீசல் பிக்-அப் வண்டிகளைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டு ஆலைக்கும் வேலைக்குப் போவது அதே சத்தியவேடு, தடா, ஊத்துக்கோட்டைப் பிள்ளைகள். டீசல் ஒழிய வேண்டும் என்று எழுதும்போது இந்த இரண்டாவது ஆலையின் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பெரிய ஏமாற்றம் இரண்டு. ஒன்று, அமர ராஜா தன் மிகப்பெரிய லித்தியம் ஆலையை, பத்து ஆண்டுகளில் 9,500 கோடி ரூபாய் என்ற திட்டத்தை, 2022 டிசம்பரில் தெலங்கானாவின் மஹபூப்நகருக்கு ஒப்பந்தம் செய்தது. ஈயத்தில் பழகிய சித்தூர் மண்ணுக்கு லித்தியத்தில் முதல் உரிமை இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று கரும்பு. சித்தூர் வெல்லத்தைத் தெரியாத மளிகைக்கடை வட தமிழகத்தில் இராது. பழைய சித்தூர் மாவட்டத்தில் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருந்தன, ஒன்று சித்தூரில், மற்றது ரேணிகுண்டாவை அடுத்த காஜுலமண்டியத்தில். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து எத்தனால் காய்ச்சலாம். அதைப் பெட்ரோலில் கலக்கலாம். 2003-ல் ஆந்திரா, தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் ஐந்து சதவீதக் கலப்பு தொடங்கியது, பிறகு தள்ளாடியது, 2022-ல் பத்து சதவீதம், 2025-ல் இருபது சதவீதம் என்று நாடு எட்டிப்பிடித்தது. எத்தனாலுக்கு நல்ல விலையும் உறுதியான கொள்முதலும் வந்தபோது அந்த இரண்டு ஆலைகளின் கதவும் மூடிக்கிடந்தது. பாக்கிப் பணத்துக்காக நடந்து ஓய்ந்த விவசாயிகள் பலர் கரும்பை விட்டு மாந்தோப்புக்கு மாறிவிட்டார்கள். எரிபொருள் கொள்கை சரியான விலையோடு பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் காஜுலமண்டியம் இன்று எரிசாராயம் காய்ச்சிக்கொண்டிருக்கும் என்றே நம்புகிறேன். கரும்புக்குத் தண்ணீர் அதிகம், சித்தூரோ கிணற்றை ஆயிரம் அடிக்குத் தோண்டும் வறண்ட பூமி என்ற எதிர்வாதம் உண்டு. நியாயமானதுதான். மக்காச்சோளத்திலும் உடைந்த அரிசியிலும் எத்தனால் எடுக்கும் வழி வந்திருப்பதால், பழைய ஆலைக்குப் புதிய வேலை கொடுக்க முடியாததல்ல.

சி.என்.ஜி. பற்றி இரண்டு வரி. சித்தூர், கோலார், வேலூர் மூன்றையும் ஒரே வட்டாரமாக்கி நகர எரிவாயு உரிமம் கொடுத்தார்கள். மாநிலம் பிரித்த மூன்று ஊர்களை ஒரே எரிவாயு உரிமம் சேர்த்துவைத்தது. ஆட்டோக்காரர்களுக்கு அது கைகண்ட சேமிப்பு, புகையும் குறைவு. ஆனால் அதுவும் பூமியைத் துளைத்து எடுப்பதே, அதிலும் பாதி இறக்குமதி. இடைக்காலத்துக்கு உதவும்.

இப்போது கணக்கின் மறுபக்கம். அலிபிரி டெப்போவில் பஸ்ஸுக்குள் ஏறும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ராயலசீமையில் சூரிய மின்பூங்காக்கள் இருக்கின்றன, உண்மை. ஆனால் அதிகமான பஸ்கள் சார்ஜ் ஏறுவது சூரியன் மறைந்த பிறகு, அப்போது மின்தொகுப்பைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரி. நெல்லூர் பக்கம் கிருஷ்ணபட்டினத்திலும், கடப்பை மாவட்டத்தில் முத்தனூரிலும் அனல்மின் நிலையங்கள் எரிகின்றன. மலையில் புகை போனது, கடற்கரையில் போகவில்லை. அப்படியிருந்தும் கூட்டிக்கழித்தால் மின்சார பஸ் எரிப்பது குறைவு. மலைப்பாதையில் மூச்சுவாங்கப் படியேறும் பக்தர்களின் நுரையீரலுக்கோ அது நேரடி நன்மை. பகலில் கூட்டம் குறைந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றும் வழியைக் கண்டால் கணக்கு இன்னும் தேறும்.

ஈயத்தின் கணக்கு இதைவிடக் கனமானது. 2021 ஏப்ரல் கடைசியில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காற்றிலும் மண்ணிலும் ஈயம் கலக்கிறது என்று சொல்லி, அமர ராஜாவின் கரகம்பாடி, நூனேகுண்டலபள்ளி ஆலைகளை மூட உத்தரவிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து உயர் நீதிமன்றம் போனது. மே மாதமே உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அப்போது எதிர்க்கட்சி எம்.பி. என்பதால் அரசியல் பழிவாங்கல் என்றொரு பக்கம் பேச்சு நடந்தது. அந்தச் சண்டையில் அடிபட்டுப்போன கேள்வி ஒன்றே: ஆலையைச் சுற்றியுள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு? ஈயத்துக்கு இவ்வளவு வரை பாதகமில்லை என்ற எல்லையே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யார் ஆட்சியில் இருந்தாலும், ஆண்டுதோறும் அந்த ஊர்களில் பரிசோதனை நடத்தி, முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். பழைய பேட்டரியிலிருந்து ஈயத்தை மீட்கும் பெரிய ஆலை ஒன்றை அதே நிறுவனக் குழுமம் நம் செய்யாற்றில் அமைத்திருக்கிறது. ஆகவே இந்தக் கோரிக்கை எல்லைக்கு இந்தப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

மிச்சமிருப்பது சுப்பா ரெட்டி சொன்ன மூன்றாவது படி, டாக்சி. ரேணிகுண்டா ஸ்டேஷனில் ஆளேற்றி மலைக்கு, மலையிலிருந்து திருச்சானூர், காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று நாளெல்லாம் சுற்றும் ஜீப்புகளும் கார்களும் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. பஸ்ஸுக்கு இருக்கும் நிச்சயமான தடம் இவர்களுக்குக் கிடையாது. சவாரி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம். மாதத் தவணை கட்டி முடியாத வண்டியை விற்று, அதைவிட விலை கூடிய மின்சார வண்டிக்குப் புதுக் கடன் வாங்க ஒருவர் துணிய வேண்டுமானால், காளஹஸ்தியிலும் காணிப்பாக்கத்திலும் வேக சார்ஜர் வேண்டும், மலைமேல் வரிசையில் நிற்கும் நேரத்தில் செருகிக்கொள்ள இடம் வேண்டும், எட்டு வருடம் கழித்து பேட்டரி தளரும்போது மாற்றித்தர ஆள் வேண்டும். பஸ்ஸுக்கு டெப்போவும் கிலோமீட்டர் ஒப்பந்தமும் செய்துகொடுத்த அரசும் தேவஸ்தானமும் டாக்சி சங்கங்களோடு உட்கார்ந்து இந்த மூன்றையும் பேசி முடிக்க வேண்டும். அதன்பிறகு அலிபிரி சோதனைச் சாவடியில் டீசல் டாக்சிக்குக் கடைசித் தேதி என்று ஒரு பலகை வைத்தால், அதை எதிர்த்து யாரும் சாலையில் உட்கார மாட்டார்கள்.

(தொடரும்)